ஈறுக்குள் ஒன்றும் இல்லை

அன்பு மகள் அவினோவுக்கு அப்பா ஓலால் எழுதுவது.

என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள், மகளே. முதியோர் வகுப்புக்குப் போகத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. மண்வெட்டி பிடித்த கை, பேனாவையும் அழுத்திப் பிடித்துத் தாளைக் கிழிக்கிறது. ஆனால் உன் கடிதத்தை யாரையும் கூப்பிடாமல் நானே படித்தேன்! படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் சொன்னேன்.

இங்கே எல்லோரும் சுகம். ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கிறது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

பேரனுக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட முளைக்கவில்லை, மாதக் கடைசியில் வைத்தியக்காரியை அழைத்து ஈறைக் கீறிவிடலாம் என்று மாமியார் சொல்கிறார் என எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் ஓபியேரோவைப் பற்றி அந்த வீட்டில் இதுவரை சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் அவனுடைய சின்ன வயது முகம் என் கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டது.

கோப்பைத் தண்ணீரில் பல்லைக் கழற்றிப் போட்டு உன்னைச் சிரிக்கவைத்த அண்ணனைத்தான் நீ அறிவாய். அதற்கு முன் அவன் பொக்கை வாயோடு திரிந்த அழகு உனக்குத் தெரியாது. என் நண்பன் ஓத்துவோமா வருகிறபோதெல்லாம் அவன் வாயைத் திறந்து பார்ப்பான். "ஏய் ஓலால், குல வழக்கம்னு வாலிபத்துல கீழ்ப்பல்லு ஆறைப் பிடுங்கினதுக்கே நாம கத்தி ஊரைக் கூட்டினோம். உன் மகன் மொத்தத்தையும் முடிச்சிட்டு வந்து பொறந்திருக்கானேடா!" என்று சொல்லிச் சிரிப்பான். அவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

மதியமானால் ஓபியேரோவுக்கு உடம்பு கொதிக்கும். மலேரியா என்று நினைத்தோம். பல் முளைக்காததைக் காட்டக் கிசுமு நகரத்துக்குக் கூட்டிப்போனபோது, பல் டாக்டர் அவன் நெற்றியைத் தடவி, "இவனுக்கு வேர்க்குமா?" என்று கேட்டார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு ஒருநாளும் வேர்த்ததில்லை; அதனால்தான் அந்தச் சூடு. முடியும் பஞ்சு மாதிரி மெலிசு. பிறகு தாடையை எக்ஸ்ரே எடுத்தார். வேறொரு குழந்தையின் படத்தில் முளைக்காத பற்கள் சோளமணி போல ஈறுக்குள் வரிசையாக இருந்தன. நம் பிள்ளையின் படத்தில் வெறும் எலும்புதான். "உள்ள இருந்தாத்தானே வெளிய வரும், பெரியவரே" என்றார்.

நான்கு வயதில் மெழுகில் அச்செடுத்துப் பல் செட்டு கட்டிக் கொடுத்தார். முதல் நாள் அதைத் துப்பிவிட்டு அழுதான். பத்து நாள் கழித்துச் சுட்ட சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். அம்மா அடுப்பை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே ஓடினாள். தாடை வளர வளர வேறு செட்டு மாற்றினோம்.

இது தாய் வழியாக வந்து பெரும்பாலும் பையன்களிடம் தெரிகிறதாம். உன் குற்றமும் இல்லை, உன் அம்மா குற்றமும் இல்லை. மருமகனிடம் மறைக்காமல் சொல். மொம்பாசா வெயில் பொல்லாதது. பிள்ளையை நிழலில் வை, ஈரத்துணியால் அடிக்கடி துடை. ஓபியேரோ உங்களைக் கூட்டிவரப் புறப்படுகிறான். கிசுமுவில் டாக்டரிடம் காட்டுவோம்.

உன் மாமியாருக்கும் பேரன்மேல் பாசம்தான், சண்டை போடாதே. அடுத்த வாரம் அவருக்கே என் கையால் எழுதுகிறேன். அதுவரை, மகளே, யார் ஈறைக் கீறக் கேட்டாலும் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காதே. கடவுளின் கை உங்கள் இருவர்மேலும் இருக்கட்டும்.

உன் அப்பா,
ஓலால்