ருக்குவிடம் கன்னடம்

தை 3, வியாழன்
பனி. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. பால்காரன் குரல் மட்டும் வந்தது, ஆளைக் காணோம். அப்பளம் காயாது.

விடியலில் கனவு. அல்சூர் ஏரிப் படியில் நானும் ருக்குவும் துணி அலசுகிறோம். இரண்டு பேருக்கும் கறுத்த தலை. ஓயாத பேச்சு, தமிழில். என்ன பேசினோமோ. எனக்கு எதுவும் மறக்காது, கனவு மட்டும் தங்குவதில்லை.

ருக்கு இவருடைய தங்கை. பிளேக் அடங்கிய மறு வருஷம், அவள் மகள் சடங்கன்று தாம்பாளத்தோடு வாசலில் நின்றேன். பார்த்தாள். "வாங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை இல்லை. கான்ட்ராக்டர் பெண்டாட்டியோடு சிரிப்பு. திரும்பி வந்துவிட்டேன். அன்று முதல் அவளிடம் கன்னடம்தான், பெங்களூர்க் காய்க்காரியிடம் பேசுகிற மாதிரி. அவளும் அப்படியே.

தை 5, சனி
புளி, மிளகாய், அரை வீசை காபிக்கொட்டை. தையற்காரன் இன்னும் ரவிக்கை தரவில்லை. மாதக் கடைசியில் பேத்தி கல்யாணம்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே: "இந்தா, நான் போய்க் கூப்பிட்டா அவ வரமாட்டா. நீதான் குங்குமம் குடுத்து வாயால கூப்பிடணும். எனக்குன்னு இருக்கறது ஒரே தங்கச்சி."

மோருக்கு இருக்கவில்லை. எழுந்துவிட்டார்.

தை 7, திங்கள்
ஜட்கா வண்டியில் ருக்கு வீட்டுக்கு. ஏரிமேல் பனி. மேகத்துக்குள் போகிற மாதிரி. மணிச்சத்தம் மட்டும். இறங்காமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை.

ருக்கு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. குங்குமச் சிமிழை நீட்டி, முறைப்படி அழைத்தேன். கன்னடத்தில்.

அவள் நிமிரவே இல்லை. "கன்னடத்துல கூப்பிட்டா பக்கத்து வீட்டு கௌடம்மா வருவாங்க. நான் வரணும்னா நம்ம பேச்சுல கூப்பிடுங்க, அண்ணி."

அவள்தான் முதலில் தமிழுக்கு வந்தாள். குறித்து வைக்கிறேன்.

சிமிழை அவள் முன்னால் வைத்தேன். பிறகு, "ருக்கு, வந்துடு." அவ்வளவுதான் வந்தது.

"அன்னைக்கு வாசலோட போனீங்களே, உள்ள வந்தா என்னவாம்?"

"வீட்டுக்காரி வான்னு சொல்லாம எப்படிடி வர்றது?"

"தலைய ஆட்டினேனே!"

"தலைய ஆட்டினா வர நான் என்ன மாடா?"

விளக்கு வைக்கும்வரை சண்டை. இத்தனை வருஷத்துத் தமிழ். பாதி அவரைக்காயை நான்தான் உரித்தேன். தொண்டை கட்டிவிட்டது, உடம்பு மட்டும் மிதக்கிறது.

மீதியைப் பேசித் தீர்க்க நாளை இங்கே வருகிறாளாம். என்ன ஆச்சு என்று இவர் மூன்று தரம் கேட்டார். சொல்லவில்லை. வாசலில் பார்த்துக்கொள்ளட்டும்.