ஜிலேபி யாருடைய நாய்

ராமகிருஷ்ணபுரம், புது தில்லி
12.9.1982

அன்புள்ள நல்லசிவத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை தங்கமும் சுகமாக இருக்கிறோம், அங்கே அசாமில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எப்போதும் நாலு பேர் சுகம் என்று எழுதுகிறவள் மூன்றோடு நிறுத்திவிட்டேனே என்று உனக்கு இதற்குள் திக்கென்றிருக்கும். கெட்ட செய்தியை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், வந்தவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் நடத்துகிறேன், உனக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன். ஜிலேபிக்கு வயிற்றில், மண்ணீரலில், ஒரு கட்டி இருக்கிறது. உயிரோடுதான் இருக்கிறாள், இதை எழுதும்போதுகூட என் காலடியில்தான் படுத்திருக்கிறாள், வலி இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

எங்கள் மிருக ஆஸ்பத்திரியின் நாய் பூனைப் பிரிவுக்கு இந்த வருஷமும் ஹரியானாவிலிருந்து கடைசி வருஷ மாணவர்கள் வந்திருக்கிறார்கள். எல்லாம் எருமை வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள். அதில் தரம்வீர் என்று ஒருவன், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். வந்த புதிதில் சாணக்யபுரியிலிருந்து வந்த ஒரு பொமரேனியனை அவன் கன்றுக்குட்டியை அமுக்குவது போல அமுக்க, கூட வந்த டிரைவர் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த பூனைகளெல்லாம் ஓடிவிட்டன. சப்பாத்தி மாவா பிசைகிறாய் என்று நானும் திட்டினேன். ஆனால் கை பழகிவிட்டது. எங்கள் முறை உனக்குத் தெரியும், மாணவன்தான் விசாரிக்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், என்னிடம் வந்து சொல்ல வேண்டும், நான் சரிபார்த்த பிறகு நாய்க்காரரிடமும் அவனேதான் போய்ச் சொல்ல வேண்டும். ஊசி போடு என்றால் முந்தி விழுந்து வருவார்கள், போய்ச் சொல் என்றால் ஆளாளுக்குக் கக்கூஸைத் தேடுவார்கள். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன், உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள் டாக்டர் என்று எல்லாரும் கேட்பார்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லாதே, இப்படிச் செய்தால் இது, செய்யாவிட்டால் அது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில், பிறகு அழப்போவது அவர்கள், நீ இல்லை என்று.

போன செவ்வாய்க்கிழமை ஜிலேபியை வருஷ ஊசிக்குக் கூட்டிப் போனேன். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள், புழுக்கம்தான் காரணம் என்று இருந்தேன். யார் தொட்டாலும் நிற்கிறவள்தானே, பழகிக்கொள்ளட்டும் என்று தரம்வீரிடம் விட்டேன். அவன் வெகுநேரம் வயிற்றைத் தடவிவிட்டு வந்து கட்டி போலப் படுகிறது என்றான். நேற்று ராத்திரி தின்ற சோறாக இருக்கும் போடா என்று சிரித்தேன். தொட்டுப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. எக்ஸ்ரேயிலும் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த நாயைக் கூப்பிடப் போனவளை அவன் நிறுத்தி, மேடம், ஆப் பைட்டியே, இன்றைக்கு நாய்க்காரர் நீங்கள்தான் என்று பெஞ்சைக் காட்டினான். உட்கார்ந்தேன். அந்த உயரத்தைக் குறுக்கி எதிரே குத்தவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். எடுத்துவிடலாம், மண்ணீரல் இல்லாமலும் நாய் நன்றாக வாழும், ஆனால் வயசான இதயம், மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம். எடுக்காமல் விட்டால் சில மாதம் இப்படியே ஓடலாம், ஆனால் என்றைக்கு வேண்டுமானாலும் கட்டி உள்ளே உடைந்துவிடும். ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை. எனக்கு என்ன வந்ததோ, உன் நாயாக இருந்தால் என்னடா செய்வாய் என்று நானே கேட்டுவிட்டேன். பாவி, எழுந்து வாயை மூடிக்கொண்டு நின்றான். அறையலாம் போல் கோபம் வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அப்புறம்தான் மெதுவாக, இது யாருடைய நாய் மேடம் என்று கேட்டான். என் மகனுடையது, ஒன்பதாவது படிக்கும்போது போகல் மார்க்கெட்டிலிருந்து சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான் என்றேன். அப்படியானால் அவர்தான் சொல்ல வேண்டும், நாய்க்காரர் சொல்லாமல் கத்தி எடுக்கக் கூடாது என்பது உங்கள் பாடம்தானே என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டான்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவனுக்கு எழுதாண்டாம், பய கெடந்து தவிப்பான், ஆவது ஆகட்டும், தீவாளிக்கு வரும்போது சொல்லிக்கிடலாம் என்கிறார். சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்து நெய் தடவிய சப்பாத்தியை எனக்குத் தெரியாமல் அவளுக்குப் போடுகிறார், அதை மட்டும் தின்கிறாள். டிரங்க் கால் போடலாம் என்று தங்கம் சொன்னாள், அதில் கத்திக் கத்திப் பேச வேண்டும், இதைக் கத்திச் சொல்ல என்னால் ஆகாது. இங்கே ஆசியப் போட்டிக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. அங்கே பந்த், மறியல் என்று பேப்பரில் போடுகிறார்கள், அந்த நாட்களில் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே போகாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி, மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே.

மாதக் கடைசியில் ஆபரேஷனுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். மனதில் போட்டுப் பார்த்து, அதற்குள் ஒரு தந்தி கொடு. செய் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை போதும். எதுவானாலும் அது சரியான முடிவுதான், பிறகு உன்னை ஒருவரும் குற்றம் சொல்லமாட்டோம், நீயும் சொல்லிக்கொள்ளக் கூடாது. நெல்லையப்பர் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
சாந்தகுமாரி

மறந்துவிடாதே: உன் நாயாக இருந்தால் நீ என்ன செய்வாய் அம்மா என்று மட்டும் தந்தியில் கேட்டுவிடாதே. அந்தப் பையன் மாதிரி எனக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாது, கேட்டால் சொல்லிவிடுவேன்.