சேர்மன் புத்தகத்தில் என் பேர்

1955 ஜனவரி 9
பெரிய மகன் வீட்டுச் செல்லசாமி டவுன் சபையில் கிளாக்கர். சேர்மன் எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்று எழுதி வைப்பவன் அவன்தான். சேர்மன் தும்முவதற்கும் என் பேரனிடம் நேரம் கேட்க வேண்டும்! போன வருஷம் அவர்கள் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்துவிட்டது. செத்துப்போன சின்ன மகனின் மகள் பூரணி எஸ்.எஸ்.சி. பாஸ், எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முதல் ஆள். அவளுக்கும் உரிமை கிடைத்தால் அரசாங்க டீச்சர். அஞ்சாவதோடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்?

ஜனவரி 22
எனக்கும் பூரணிக்கும் பிரஜாவுரிமை விசாரணை. பிப்ரவரி 17, நுவரெலியா. நாங்கள் இங்கேயே இருந்தவர்கள் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். சேர்மன் ஹமீத் முதலாளி துணி மூட்டையோடு லயத்துக்கு விற்க வந்த காலத்திலிருந்து என்னை அறிவார். "வேலாயி அக்கா, நானே வந்து சொல்றேன்" என்றார்.

ஜனவரி 23
பூரணியோடு சபைக்குப் போய் சேர்மன் புத்தகத்தைப் பார்த்தேன். பதினேழாம் தேதியில் என் பேர்! ஆனால் பென்சிலில். மற்றதெல்லாம் மை.
"ஏன்டா?"
"ஓட்டு உள்ளவங்களுக்கு மை, அப்பாயி. இல்லாதவங்களுக்குப் பென்சில். இங்க வழக்கம்."
பக்கத்து மேசை அழகன், "பேரு ஏறினதே பெருசு பாட்டி, எங்க ஆத்தா பேரு பென்சில்லகூட இல்ல" என்றான். சிரித்தோம். பூரணி சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17
எட்டு மணி முதல் நாலு மணி வரை பெஞ்சில். மூன்று தடவை கூப்பிட்டார்கள். முதலாளி வரவில்லை.

பிப்ரவரி 18
நேற்று மந்திரி டவுனில் தண்ணீர்க் குழாய் திறக்க வந்தாராம். முந்தாநாள்தான் தந்தி. செல்லசாமியே ரப்பரால் என் பேரை அழித்திருக்கிறான்.
"ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற சாட்சி கூட்டிட்டுப் போயிருப்போமேடா!"
"ஒங்க மொகத்தப் பாத்து எப்புடி அப்பாயி சொல்றது? முதலாளிய நடுவுல அனுப்பிடலாம்னு இருந்தேன்…"
என் முகத்துக்கா பயந்தான்? நான் ஊரெல்லாம் பேசித் திரிந்த பெருமைக்கா?

மே 3
மனு தள்ளுபடி.

ஜூன் 11
பூரணிக்கு டீச்சர் வேலை இல்லையென்று ஆகிவிட்டது. இந்தியாவில், முசிறியில் இருக்கும் தாய்மாமன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்த்துவிடுகிறாராம். "நீங்களும் வாங்க அப்பாயி" என்கிறாள். இவள் தகப்பனைப் புதைத்த மலையை விட்டு நான் எங்கே போவேன்?

ஆகஸ்ட் 20
நானுஓயா ஸ்டேஷனில் பூரணியை ரயில் ஏற்றினோம். பெட்டியைத் தூக்கி வந்தவன் செல்லசாமி. "போயிட்டு வரேண்ணே" என்றாள். அவன் பெட்டிக் கயிற்றையே இறுக்கிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 30
பூரணிக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்: "என்னிடம் இருப்பது பாஸ்போட்டுக்கு எடுத்த படம். அதில் உன் முகம் உன் முகமாகவே இல்லை. புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு, கண்ணு."