லாச்சி

2 ஏப்ரல் 1996, செவ்வாய்

கிளென் ஈடன் முதியோர் இல்லத்தில் இன்று என்னிடம் புதிய ஆளை ஒப்படைத்தார்கள். மிஸ்டர் டி ஹான், ஒல்லாந்தர். ஜாவாவில் ஜப்பான்காரருக்கு எதிராகப் போர் விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கியவர். பக்கவாதம் வந்து இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது. டச்சு மட்டும் மிச்சம். மகளுக்கோ டச்சு தெரியாது.

என்னால் ஏலாது என்றேன். மேட்ரன் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் என் தம்பியைக் குண்டு போட்டுக் கொன்றதும் ஒரு விமானிதானே. பிளேன் ஓடினவனுக்கு நான் சோறு தீத்துறதோ?

4 ஏப்ரல்

சாப்பாட்டை விசிறி எறிந்தார். ஒரே கத்தல், ஒரே சொல். ஆர்ச்சி என்று பழைய கூட்டாளி யாரையோ கூப்பிடுகிறாராம் - இது தாதிமாரின் கண்டுபிடிப்பு. ஈஸ்டர் கழிய டொக்டர் வருவார். புத்தி தடுமாறிவிட்டது என்று எழுதினால், பூட்டிய பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

அனுப்பட்டும். எனக்கென்ன.

5 ஏப்ரல்

விரிப்பு மாற்றும்போது மறுபடி கத்தினார். நான் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். மூளைக்கு முதல் கை போய்விட்டது. லாச்சி! எங்கள் ஊரில் இழுப்பறைக்குச் சொல்லும் அதே சொல்லைத்தான் கத்தியிருக்கிறார். ஆர்ச்சியுமில்லை, பூர்ச்சியுமில்லை. உள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடி. இத்தனை நாளும் கண் தெரியாமல் கிடந்திருக்கிறார் மனுசன். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அழுதார்.

அவர் மேலிருந்த கோபம் போகவில்லை. தாதிமார் மேலும் கோபம் வந்தது.

6 ஏப்ரல்

என் வீட்டுக்காரர் செல்வரத்தினத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உலாந்தாக்காரன் யாழ்ப்பாணத்தில கோட்டையையும் கட்டி, லாச்சியையும் விட்டிட்டுப் போயிருக்கிறான். போஞ்சி, வேலைக்குப் போற கந்தோர், கக்கூசு எல்லாம் அவன்ர சொல்லுதான். சொல்லிப் பாருமன்."

7 ஏப்ரல்

சொல்லிப் பார்த்தேன். போஞ்சி என்றதும் தட்டிலிருந்த பீன்ஸைப் பார்த்தார். கக்கூசு என்றதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். புத்தி கெட்ட மனுசன் இப்பிடிச் சிரிப்பானோ?

விமானி விமானிதான். ஆனால் இவரைப் பூட்ட விடமாட்டேன்.

10 ஏப்ரல்

டொக்டர் இங்கிலீஷில் கேட்டார். இவர் வாய் திறக்கவில்லை. டொக்டர் பேனையை எடுத்தார். நான் இடையில் புகுந்து, "லாச்சி" என்றேன். இவர் லாச்சியைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டொக்டரை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு டச்சு தெரியுமா?"

"இல்லை. எனக்குத் தெரிஞ்சது தமிழ். டச்சு தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுப்போட்டு எழுதுங்கோ."

மேட்ரனின் முகம் சிவந்தது. வேலை போனால் போகட்டும். டொக்டர் பேனையை மூடினார்.

16 ஏப்ரல்

டச்சு தெரிந்த அம்மா ஒருவர் வந்து வெகுநேரம் அவருடன் கதைத்தார். புத்தியில் ஒரு குறையும் இல்லை. பூட்டிய பகுதிக்குப் போகத் தேவையில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த அம்மா என்னையும் கூப்பிட்டார். "மேலே விமானம் போகும்போதெல்லாம் நீங்கள் குனிகிறீர்களாம். யாரை இழந்தீர்கள் என்று கேட்கிறார்."

இந்த நாட்டுக்கு வந்த பிறகு தம்பியின் பெயரை வெளியாரிடம் நான் சொன்னதில்லை. கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

"யசீகரன்."

அவர் சொல்லிப் பார்த்தார், பிழையாக. திருத்தினேன். மறுபடி சொன்னார். சரியாக வரும்வரை விடவில்லை.