அழுங்கு

மலேசியா
ஆவணி, 2009

அன்புள்ள அம்மா,

நீங்களும் தங்கச்சியும் சுகந்தானே? நான் இங்க நல்லா இருக்கன், நேரத்துக்குச் சாப்பிடுறன்.

நேற்று தோட்டத்தில ஒரு அழுங்கைக் கண்டம். நம்மட வயல் வட்டைப் பக்கம் எறும்பு தின்ன வாறது மாதிரியேதான், உடம்பெல்லாம் செதில். எங்களைக் கண்டதும் பந்தாச் சுருண்டிட்டு. கூட வேலை செய்யிற மலாய்க்காரர் அஸ்லான், அவங்கட பேச்சில அதுக்குத் ‘தெங்கிலிங்’ எண்டார். உருளுறது எண்டு கருத்தாம். நம்மட பேருக்கு என்ன கருத்து எண்டும் கேட்டார். அழுங்கிறதெண்டா மனம் நொந்து போறது எண்டு பள்ளிக்கூடத்தில படிச்ச ஞாபகம். அதைச் சொன்னன்.

“அதுக்கென்ன கவலை?” எண்டு சிரிச்சார்.

ரெண்டு பேர் அதை இழுத்து விரிக்கப் பார்த்தாங்க. ஏலல்ல. விட்டிட்டுத் தள்ளி நிண்டம். கொஞ்ச நேரத்தால அது தானாத் தளர்ந்திச்சு. உள்ள, வயித்தோட ஒட்டினபடி ஒரு குட்டி.

சுனாமி அப்பாவைக் கொண்டு போனப்பவும் நிமிர்ந்து நிண்ட நீங்க, சண்டை முடிஞ்சும் தம்பி ரதீஸ் வராததில இருந்து சுருண்டே படுத்திருக்கிறீங்க எண்டு தங்கச்சி எழுதியிருந்தா. அவன்ட சட்டையை வயித்தோட அணைச்சு வச்சிருக்கிறீங்களாம். பெரியம்மா அதைப் பறிச்சுத் தோய்க்கப் போறாவாம்.

இங்க என்னோட வேலை செய்யிற ஏறாவூர் இஷாம் லீவில ஊருக்கு வாறார். அவர் திரும்பி வரக்குள்ள கொஞ்சம் கருவாடு குடுத்து விடுங்க. இங்கத்தைய மீன் ஒண்டும் வாயில வைக்க ஏலாது. வேலைக்குக் கூட்டிப் போற வான் வந்திட்டு, முடிக்கிறன்.

சட்டையைக் குடுக்காதீங்க அம்மா.

உங்கட மகன்
சிவதர்ஷன்