வெண்கலக் கூடையில் வள்ளைக்கீரை

சாந்தா ரூஃபினா நகரம்,
பனாய் தீவு,
ஜூன் 9.

அன்புள்ள ரோவேனாவுக்கு,

அக்கா முறையில் நீ மனாங் என்று கூப்பிடும் பெலிசா எழுதுவது. ஒசாகாவிலிருந்து நீ அனுப்பிய பட அட்டை வந்து சேர்ந்தது. அங்கே குளிர் விட்டதா, வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். எனக்கு வயிறு எரிகிறது. அதைக் கொட்டினால்தான் மற்றது எழுத வரும்.

நீ செய்த சிலைக்காக எங்களைச் சந்தையை விட்டுத் துரத்திவிட்டார்கள்.

ஆற்றங்கரையில் கூடை வைத்து விற்கும் பெண்களைப் பெருமைப்படுத்த நகராட்சி வைத்த சிலை அது; கீரைக்காரி நானும் கருவாட்டுக்காரி சியோனியும் கூடையோடு உட்கார்ந்திருப்பதுபோல் இரண்டு உருவம். அதன் பக்கத்தில் கூடை வைத்து விற்கும் பெண்கள் உட்காரக் கூடாதாம்! திறப்பு விழா முடிந்து நீ விமானம் ஏறிய மூன்றாம் வாரமே நோட்டீஸ் ஒட்டினார்கள். நாங்கள் சிலையை மறைக்கிறோமாம். பேருந்து நிலையத்துக்கு மேலே மூன்றாம் மாடியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கருவாடு வாங்க எவள் மூன்று மாடி ஏறுவாள்? முழங்கால் வீங்கிய சியோனி ஒருநாள் ஏறினாள். இறங்கும்போது இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. கொண்டுபோன கருவாடு அப்படியே திரும்பி வந்தது.

நகராட்சியின் கலைப் பிரிவுக்கு நேரில் போனேன். திறப்பு விழாவில் உனக்கு மாலை போட்டானே, அதே பாலாசபாஸ்தான் நாற்காலியில் இருந்தான். "மனாங், நீங்க பெருமைப்படணும். உங்க மூஞ்சியவே வெண்கலத்துல வார்த்து வெச்சிருக்கோம். நூறு வருஷம் அங்கயே இருப்பீங்க" என்றான். "நூறு வருஷம் இருக்கட்டும் தம்பி, நாளைக்குக் காலையில நான் எங்க உக்காரட்டும்?" என்று கேட்டேன். காப்பி குடிக்கிறீர்களா என்கிறான்!

ஆறு வாரம் நீ எங்களோடு உட்கார்ந்திருந்தாய். பழைய பூட்டு, உடைந்த குழாய் என்று வீடு வீடாகப் பித்தளை கேட்டு வந்தாய். அம்மாவின் தராசுத் தட்டை நான் எவருக்கும் இரவல்கூடக் கொடுத்ததில்லை. உருக்குவதற்கு உன்னிடம் கொடுத்தேன். அச்சு எடுக்க என் கையைச் சாந்தில் பொதித்துவிட்டு, மூக்கு அரித்தாலும் அசையக் கூடாது என்றாய். சியோனிதான் எனக்கு மூக்கைச் சொறிந்துவிட்டாள். கோணல் சுண்டுவிரலை நிமிர்த்திவிடு என்று கெஞ்சினேன், நீ கேட்கவில்லை. இப்போது வருகிறவர்கள் எல்லாம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் படம் எடுக்கிறார்கள்.

பாலாசபாஸைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை என்ன செய்தேன் தெரியுமா? என் சிலையின் கூடை சும்மாதானே கிடக்கிறது, அதில் நாற்பது கட்டு வள்ளைக்கீரையை அடுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காவலாளி போயெட் ஓடி வந்தான். "மனாங், இங்க கடை போடக் கூடாது" என்றான். "கடையா? குடை இருக்கா, பலகை இருக்கா? அந்த போர்ட சத்தமா படி" என்றேன். நீ அடம்பிடித்து வைத்த போர்டு. 'தொடுங்கள். அமருங்கள். கூடையை நிரப்புங்கள்.' பாவம், இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். பிறகு அவனே இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் சியோனியும் தன் சிலைக்குப் பக்கத்தில் கருவாட்டோடு வந்துவிட்டாள். பதினோரு நாளாக இப்படித்தான் நடக்கிறது. ஜீப்னி வண்டி ஓட்டுகிறவர்கள் நிறுத்தி வாங்கிப் போகிறார்கள். எங்களுக்கு இந்தப் பக்கம் பிழைப்பு திரும்பிவிட்டது.

பாலாசபாஸ் வந்து குதித்தான். சிலை மேல் வியாபாரம் செய்வது கலைக்கு அவமானமாம், நாற்றம் வேறாம். "கருவாட்டுக்காரி சிலை மல்லிகையா மணக்கும்? புடிக்கலன்னா மூக்கப் பொத்திக்கோ" என்றாள் சியோனி. கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு முகம் சிவந்துபோயிற்று. அந்தக் கோபத்தில் வாயை விட்டான்: "ரோவேனா கையெழுத்து வரட்டும். அன்னிக்கே கூடைக்கு மூடி போட்டு வெல்டு வெச்சு, சுத்தி வேலியும் போடறேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. செய்தவரின் கையெழுத்து இல்லாமல் சிலையில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று நகராட்சி தானே ஒப்பந்தத்தில் உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது, நீ அன்று சொன்னாயே. அவனால் உன்னை மீறி ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். "அவங்க போன்லயே சரின்னுட்டாங்க மனாங், காயிதம்தான் பாக்கி" என்றும் சொன்னான். அத்தனை பேர் முன்னால் அவனைப் பொய்யன் என்று திட்டினேன். ரோவேனாவை எனக்குத் தெரியும் என்றேன். வீட்டுக்கு வந்து உன் பட அட்டையை எடுத்து மறுபடி படித்தேன். நான்கு வரி. கோயில் அழகாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுப்பு பற்றவைக்கக் கை வரவில்லை எனக்கு.

அவன் உனக்கு என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. சின்னப் பராமரிப்பு வேலை என்று சொல்லியிருப்பான். நீயும் வேலை மும்முரத்தில் சரி என்றிருப்பாய். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனுடைய கடிதம் இதற்கு முன்னால் வந்திருந்தால், அதை மடித்து ஓரமாக வை, தங்கச்சி.

எனக்கு நீ ஒரு தாள் அனுப்பு. சிலைக்குக் கீழே எதனால் செய்தது என்று பொறித்திருக்கிறதே, 'வெண்கலம், பூட்டுகள், குழாய்கள், தராசுத் தட்டு' என்று, அதில் இரண்டு விட்டுப்போயிற்று என்று எழுது. பெலிசா, சியோனி. உயிரோடு, கூடையோடு. எழுதிக் கையெழுத்துப் போடு. நாங்களும் சிலையில் சேர்த்தி ஆகிவிட்டால், பிறகு உன் கையெழுத்து இல்லாமல் எங்களை எவன் அப்புறப்படுத்துகிறான் என்று பார்க்கிறேன்.

நீ எழுதுவாய் என்று சியோனியிடம் சொல்லிவிட்டேன். கன்னி மரியாள் உன் கைகளைக் காக்கட்டும். என் கோணல் விரலை மாற்றாமல் அப்படியே வார்த்த கைகள் அவை.

உன் கடிதத்துக்காக, சிலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
மனாங் பெலிசா