அம்மாவைக் கப்பலில் கூட்டிப் போனேன், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

இந்த வருஷம் உன் நினைவு நாளுக்குப் போஸ்டர் ஒட்டவில்லை. போன வருஷம் தெருமுனையிலும் மாதா கோயில் சுவர் ஓரத்திலும் ஒட்டினோம். உன்னோடு வேலை பார்த்த தாஸ் மாமாதான் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஆனால் ஸ்டுடியோக்காரன் உன் கன்னத்தைச் சிவப்பாக்கி, உதட்டைப் பளபளப்பாக்கி, உன்னை ஏதோ வட்டச் செயலாளர் மாதிரி ஆக்கிவிட்டான். அம்மா சுவரைப் பார்த்துவிட்டு, "யாருடி இந்த ஆளு?" என்று கேட்டாள். அதனால்தான் இந்த முறை கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

விஷயம் என்னவென்றால், நானும் அம்மாவும் கப்பலில் போய் வந்தோம். சரக்குக் கப்பல் இல்லை, உல்லாசக் கப்பல். நம்ம துறைமுகத்தில் ஏறி, இலங்கையில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று கரைகளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். கோயில், கோட்டை, ஆட்டம், பாட்டு எல்லாம் காட்டுவோம், கலாச்சாரச் சுற்றுலா என்று போட்டிருந்தார்கள்.

நீ முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகக் கரையில் நின்று கப்பல்களைக் கயிற்றால் கட்டினாய், அவிழ்த்தாய். ஒரு கப்பலில்கூடப் பயணியாக ஏறவில்லை. "ரிட்டையர் ஆவட்டும், உன்ன ஏத்திக்கினு போறேன் ரோஸி" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய். அவளும் "போதும், ரீலு விடாத" என்று சிரிப்பாள். ரிட்டையர் ஆன வருஷமே உன் நுரையீரல் கெட்டுப்போனது. கப்பலுக்குப் பதிலாக ஆஸ்பத்திரி வார்டுதான் உனக்குக் கிடைத்தது.

உன் வாக்கைக் காப்பாற்றத்தான் அம்மாவைக் கூட்டிப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை உன்னிடம்தான் சொல்ல முடியும். அம்மாவிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அது இரண்டு வருஷமாகத் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

அந்தக் கடைசி நாள் காலை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அம்மா நம்பவே இல்லை. நம் வீட்டு வழக்கம் அப்படி. மூன்று மணிக்குக் கப்பல் கிளம்பும் என்பார்கள், நீ ஏழு மணிக்கு வீடு வருவாய். ஏஜெண்ட் சொன்னாலும் சரி, ஹாரன் அடித்தாலும் சரி, கடைசிக் கயிற்றை நீ உன் கையால் இரும்புக் கட்டையிலிருந்து கழற்றிப் போடும் வரை கப்பல் கிளம்பிவிட்டதாக ஒத்துக்கொள்ள மாட்டாய். அம்மா உன்னையும் அப்படியே பார்த்தாள். கண் திறந்திருக்கிறது, பேச்சு வருகிறது. "இன்னும் கயிறு அவுக்கல. அதுக்குள்ள இன்னா அவசரம்? கஞ்சி வச்சி எடுத்துக்கினு வந்துட்றேன்" என்று ராயபுரத்துக்குக் கிளம்பினாள்.

அவள் தூக்குவாளியோடு திரும்பியபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள். அவள் அழவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்னக் கேட்டாரா?"

"இல்லமா. தூங்கிக்கினே பூட்டாரு" என்றேன்.

கேட்டார் என்று சொன்னால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள் என்று பயந்தேன் நைனா. வேறு எதுவும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. ஹார்பர் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திவிட்டாள். ஹாரன் கேட்டால் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவாள். வெயில் காலத்தில்கூட அந்த ஜன்னலை யாரும் திறக்கக் கூடாது.

கப்பல் என்றதும் மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். "எத்தினி புடவ எடுத்துக்கினு போவணும்?" என்றுதான் கேட்டாள்.

கிளம்பிய அன்று சாயங்காலம் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே உன் ஆட்கள். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் கையுறை. தாஸ் மாமா இன்னும் வேலையில்தான் இருக்கிறார், அன்றைக்குப் பின்பக்கக் கயிறு அவருடையது. அண்ணாந்து எங்களைத் தேடினார். அம்மா முந்தானையை ஆட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கயிறு எப்போது கழன்றது என்று எங்களுக்குத் தெரியவே இல்லை நைனா. ஒரு குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. கரைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் இருந்தது. அப்புறம் நம் தெரு அகலத்துக்குத் தண்ணீர். "கிளம்பிடிச்சா இன்னா? ஒண்ணியும் தெர்லயே" என்றாள் அம்மா. இத்தனை வருஷம் நீ கரையில் நின்று பார்த்ததை நாங்கள் மேலே நின்று பார்த்தோம். மேலே இருப்பவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

வெளியே வந்ததும் ஊர் தெரிந்தது. காசிமேட்டுப் படகுகள், அந்தாண்டை திருவொற்றியூர், அதையும் தாண்டி எண்ணூர்ப் புகைபோக்கிகள். லாரியும் தூசியும் கெமிக்கல் நாற்றமுமாக நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஊர், கடலிலிருந்து பார்த்தால் இளஞ்சிவப்பாக, யாரோ தூங்குகிற மாதிரி கிடக்கிறது. "இதா நம்மூரு?" என்று அம்மா மூன்று தடவை கேட்டாள். அவள் நம்பவே இல்லை.

அதற்கப்புறம் நாட்கள் கலங்கிப் போய்விட்டன. இன்றைக்கு என்ன கிழமை என்று இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. தூங்கி எழுந்தால் வட்ட ஜன்னலில் ஒரு கரை நிற்கும், தென்னை மரங்கள் நிற்கும், நாங்கள்தான் அங்கே போனோமா, அது எங்களிடம் வந்ததா என்று புரியாது. கடல் கறுப்பு நீலம், நம் பக்கத்துக் கடல்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது. அம்மா நாற்காலியைக் கம்பி ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருப்பாள். உள்ளே பொம்மலாட்டம் நடக்கும், முகமூடி செய்வது எப்படி என்று ஒருத்தர் படம் போட்டு விளக்குவார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால், "ம்" என்பாள்.

திருகோணமலையில்தான் அவள் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தாள். கரையில் மேளம் அடித்துக்கொண்டு பெண்கள் ஆடி வரவேற்றார்கள். பயணிகள் எல்லாரும் ஆட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கண் மட்டும் கயிற்றில் இருந்தது. இறுகின கயிறு அறுந்தால் ஆளையே அடித்துப் போட்டுவிடும் என்று நீ சொல்வாயே, அந்த மாதிரி கயிறு இறுகிக்கொண்டே வந்தது, ஆடுகிற பெண்கள் அதன் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். "தே, பொண்ணுங்களா, கயிறாண்ட நிக்காதீங்க, தள்ளிக்கோங்க" என்று அம்மா கத்தின கத்தலில் பக்கத்தில் நின்றவர் போனைக் கீழே போட்டார். கீழே யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கயிறு கட்டும் ஆள் ஒருத்தர் அதே நேரத்தில் ஓடிப்போய் அவர்களைத் தள்ளி நிற்க வைத்தார். "அந்த ஆளு வேல தெரிஞ்சவன்" என்றாள் அம்மா. உன்னைப் பற்றியும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

ஊர் சுற்றிக் காட்ட ஒரு தமிழ்ப் பெண் வந்தாள், பெயர் தர்ஷினி. மலை மேலிருக்கும் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெல்ல வாங்கோ அம்மா, கால் நோகுதோ?" என்றாள். அம்மாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. "இன்னாமா பேசுது பாரேன். நாம பேசறதும் தமிழுதான்னு சொல்லிக்கினு கீறோம்" என்று என் காதில் சொன்னாள். பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்தோம். கீழே தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, காற்றில் கற்பூர வாசனை. தர்ஷினி சாதாரணமாகக் கேட்டாள், "ஐயா வரேல்லையோ?"

"அவுரு இல்லமா. நான் கூட இல்லாத நேரமாப் பாத்துப் பூட்டாரு. என்னத் தேடக்கூட இல்ல" என்றாள் அம்மா.

இரண்டு வருஷமாக என்னிடம் சொல்லாததை, காலையில் பார்த்த ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கப்பல் கடலில் இருந்தது. மத்தியானம், வெயில் சாய்ந்த நேரம். அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நைனா உன்னக் கேட்டாரு."

அவள் திரும்பவில்லை. "எப்போ?"

"நீ கஞ்சி வைக்கப் போனப்போ. நான்தான் பொய் சொன்னேன்."

"இன்னான்னு கேட்டாரு? அப்டியே சொல்லு."

நான் சொன்னேன். "'உங்கம்மா எங்க? வூட்டுக்கா போயிருக்குது? சீப்பு எடுத்துக்கினு வரச் சொல்லு. பரட்டத் தலையோட பாத்தா திட்டும்.'"

அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். சாகக் கிடக்கும்போதும் உனக்குத் தலைவாரும் கவலை.

"ரெண்டு வருஷமா நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமாடி? விட்டுட்டுப் பூட்டியேன்னு கோச்சிக்கினாரு, அதான் பேரக்கூட எடுக்கலன்னு. இத்தப் போயி மறச்சி வச்சியே, பாவி."

அன்று சாயங்காலம் அவள் என்னோடு சாப்பிடவில்லை. மொழி தெரியாத ஒரு குஜராத்தித் தம்பதியின் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் கொடுத்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். நான் தனியாகச் சாப்பிட்டேன். வேண்டும்தான் எனக்கு.

காங்கேசன்துறை வந்த காலையில் என் போர்வையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திரு. இன்னொரு தபா சொல்லு." சொன்னேன். அப்புறம் என்னிடம் மிச்சமிருந்ததையும் கொட்டிவிட்டேன். நீ கேட்ட நேரத்தில் என் கைப்பையிலேயே சீப்பு இருந்தது நைனா. எடுத்து உனக்கு வாரிவிட எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குக் கோபமா?

அம்மா என் தலையில் கையை வைத்தாள். "நீ வாரினா ஒத்துக்க மாட்டாரு. அவுரு வகுடு எனுக்குத்தான் தெரியும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகிறது. நாளைக்கு மாதா கோயிலில் உனக்குப் பூசை வைத்திருக்கிறோம். அம்மா தினமும் காலையில் டீயை ஊற்றி வைத்துவிட்டு, "சொல்லு" என்பாள். சொல்வேன். சில நாள், "என் பேரச் சொல்லிக் கேட்டாரா?" என்று குடைவாள். ரோஸி என்று சொன்னார் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் அவள் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வரும். ஆனால் நீ சொல்லவில்லை நைனா, 'உங்கம்மா' என்றுதான் சொன்னாய்.

அவள் கேட்கிற வரைக்கும், எத்தனை வருஷமானாலும், நீ சொன்னதை நீ சொன்னபடியே சொல்வேன். உனக்குச் சத்தியம்.

இனி அம்மாவிடம் பொய் சொல்லாத
உன் மகள்,
செலின்